பழையதை மாட்டியதும் சரியாகிவிட்டது

சென்ற மாதம் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே உள்ள தேநீர்க் கடையில் ஒரு விசைப்படகு உரிமையாளர் சொன்ன வார்த்தை இன்னும் என் மனத்தை விட்டு இறங்கவில்லை. அவர் தம் படகில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு, கூடுதல் ஆம்பியர் தரும் புதிய ஒன்றை வாங்கி, அதற்கேற்ப வயரிங்கையும் மாற்றிப் பொருத்தியிருந்தார். அன்று தொட்டு அதிகாலையில் என்ஜின் ஸ்டார்ட் ஆவதில் தகராறு. என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் ஒரு நாள் திணறும். ஒரு நாள் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தவர், பழைய ஆல்டர்னேட்டரையே திரும்ப மாட்டிவிட்டார். "பழசை மாட்டுனதும் சரியாயிட்டு அண்ணாச்சி. அப்போ புதுசுலதான கோளாறு?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் அனைவரும் தலையாட்டினார்கள். நானும் ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து வந்தேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்னிடம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. ஆனால் அதை நின்ற நிலையில் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

2003-ஆம் ஆண்டு நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஒரு மரப்படகு இருந்தது. ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பு. சார்ஜ் செய்வதற்குப் பழைய டைனமோவும், டைனமோ நிற்கும்போது அதைப் பேட்டரியிலிருந்து பிரித்துவிடும் கட்-அவுட் பெட்டி கேபினுக்குள்ளும். டைனமோ தன் காலத்தில் நல்ல கருவிதான். ஆனால் என்ஜின் மெதுவாக ஓடும்போது அது ஏறத்தாழ ஒன்றுமே தராது. வலையை இழுத்துப் போட்ட பின் தளத்தில் விளக்குகளைப் போட்டு மீனைப் பிரிக்கும் நேரத்தில், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் ஜி.பி.எஸ்ஸும் மற்றப் படகுகளோடு பேசும் வி.எச்.எஃப். கருவியும் சேர்ந்து பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும்; டைனமோ வேடிக்கை பார்க்கும். பக்கத்துப் படகுகளில் எல்லாம் ஆல்டர்னேட்டர் வந்துவிட்ட பிறகு அப்பாவும் மாற்றுவதென்று முடிவெடுத்தார். அந்த ஆண்டின் மீன்பிடித் தடைக்காலத்தில், அப்போது அது ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள்தான், 2017-இல்தான் 61 நாளாக நீண்டது, படகைப் பழுது பார்க்கும் மற்ற வேலைகளோடு அந்த மாற்றமும் நடந்தது. வேலையைச் செய்தவர் லாரி எலக்ட்ரீஷியன் ஒருவர். தம் தொழிலில் நல்ல பெயர் எடுத்தவர், கை சுத்தமானவர். இந்தக் கதையில் அவரைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று.

தடைக்காலம் முடிந்து முதல் மூன்று நாள் என்ஜின் ஒரே அழுத்தில் எழுந்தது. நான்காம் நாள் காலையில் தொடங்கியது தொல்லை. தூத்துக்குடி விசைப்படகுகளுக்குக் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. ஆகவே இங்கே ஸ்டார்ட் ஆகாத என்ஜின் என்பது, தாமதமாகப் புறப்படும் என்ஜின் என்று பொருள்படாது. ஐந்து மணிக்கு எழாமல் ஏழு மணிக்கு எழுந்த என்ஜினைக் கொண்டு போய் எந்தத் தளத்தில் வலை போடுவது? ஐஸ் ஏற்றியாகிவிட்டது, ஆட்கள் வந்தாகிவிட்டது, அன்றைய நாள் போய்விட்டது. மற்ற படகுகள் வரிசையாக வாய்க்காலைத் தாண்டிப் போவதை அப்பா தளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

மாற்றிப் பார்த்தவை

முதலில் பேட்டரி மேல் பழி விழுந்தது. கரையில் சார்ஜ் போடும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பார்த்துவிட்டு, பேட்டரியில் குறை ஒன்றும் இல்லை என்றார். சரியான தீர்ப்பு. நாங்கள் நம்பவில்லை. இரவு முழுக்கச் சார்ஜ் போட வைத்து எடுத்து வந்தோம். மறுநாள் காலை ஸ்டார்ட் ஆனது. அதற்கு மறுநாள் ஆகவில்லை.

அடுத்து, ஆல்டர்னேட்டர் இரவில் பேட்டரியை இறக்குகிறது என்று ஒருவர் சொன்னார். அப்படி நடக்கக்கூடியதுதான். ஆகவே ஒரு மாலையில் ஆல்டர்னேட்டரின் வயர்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை என்ஜின் ஒரே சுற்றில் எழுந்தது! படகிலிருந்த ஐந்து பேருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அதே மாலையில் பேட்டரிகளை மறுபடியும் கடையில் சார்ஜ் போட்டிருந்தோம் என்பதையும், அவற்றைத் திரும்ப ஏற்றியபோது எல்லா முனைகளையும் கழற்றி இறுக்கியிருந்தோம் என்பதையும் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே இரவில் மூன்று காரியம் செய்தோம். நாங்கள் ஏற்கெனவே சந்தேகப்பட்ட ஒன்றுக்கே பலன் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

பிறகு செல்ஃப் மோட்டார். அதைக் கழற்றி ஆர்மேச்சர் கட்டும் கடைக்குக் கொண்டுபோய், கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றிப் பொருத்தினோம். கடை மேசையில் பேட்டரியோடு இணைத்துக் காட்டியபோது அது சீறிக்கொண்டு சுற்றியது. படகில் மாட்டியதும் பழைய கதைதான். லாரி எலக்ட்ரீஷியனும் இருமுறை வந்து, மின்சாரம் இருந்தால் எரியும் டெஸ்ட் லாம்ப்பால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினார். பல்பு எல்லா இடத்திலும் பளிச்சென்று எரிந்தது. ஆல்டர்னேட்டரும் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 28 வோல்ட் நின்றது. எல்லாப் பொருளும் நல்ல பொருள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஓடாத என்ஜின். அந்த நிலையில் எவருக்கும் தோன்றுவதுதான் அப்பாவுக்கும் தோன்றியது. "டைனமோ இருந்த வரைக்கும் இந்தக் கதையே கெடையாது. திங்கக்கிழம பழசையே மாட்டிருவோம்" என்றார். வீட்டுப் பரணிலிருந்து டைனமோவையும் அதைத் தாங்கும் இரும்புப் பிராக்கெட்டையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து தளத்தில் வைத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்ததும் என் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அப்பாவோடு படகுக்குப் போனேன். எனக்கு ஒரு பெரிய திட்டம் எதுவும் இருக்கவில்லை. டைனமோவைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால், இருக்கும் நிலையை ஒரு தாளில் எழுதி வைக்கலாம் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. பேட்டரியில் 25.3 வோல்ட். ஈய-அமில பேட்டரி நிறைந்து ஓய்ந்திருக்கும்போது ஒன்றுக்கு ஏறத்தாழ 12.7 வீதம் இரண்டுக்கும் 25.4 இருக்க வேண்டும். ஆகவே இரவில் எதுவும் இறங்கவில்லை. செல்ஃப் மோட்டாரின் தடித்த முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே வைத்துப் பார்த்தேன்; அங்கும் 25.3. டெஸ்ட் லாம்ப் சொன்ன அதே பதிலை மீட்டரும் சொன்னது. நான் மீட்டரை மூடி வைத்துவிட்டேன்.

அப்போது அப்பா சாவியைத் திருப்பிக்கொண்டே, யாரிடமும் முறையிடுவது போலல்லாமல் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்: "இந்த ஹீட் முள்ளு வேற, செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் துள்ளுது." நான் கேபினுக்குள் போய்ப் பார்த்தேன். உண்மைதான். சாவியைத் திருப்பியதும் என்ஜின் வெப்பத்தைக் காட்டும் முள் ஒரு விரற்கடை நகர்ந்தது. விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த என்ஜின் ஒரு நொடியில் சூடாகி மறு நொடியில் ஆறிவிட முடியாது. அந்த வெப்ப உணர்விக்கு ஒரு வயர்தான் உண்டு. இன்னொரு முனை என்ஜினின் உடல். வெப்பம் மாறவில்லை, ஆனால் முள் நகர்கிறது என்றால், என்ஜினின் உடலே தான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பேட்டரியின் நெகட்டிவும் என்ஜினின் உடலாகிய பிளாக்கும் மின்னியல் கணக்கில் ஒரே புள்ளியாக இருக்க வேண்டியவை. அவை ஒரே புள்ளிதானா என்று எங்களில் ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும், மற்றொன்றைச் சுரண்டி வெளுக்க வைத்த பிளாக்கின் ஓரிடத்திலும் அழுத்தி வைத்தேன். சும்மா இருக்கும்போது பூஜ்யம். என்ஜின் எழுந்துவிடாதபடி ஸ்டாப் கம்பியை ஒருவர் இழுத்துப் பிடிக்க, அப்பாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 5.1 வோல்ட்! தடித்த செம்புக் கேபிளால் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று நாங்கள் நம்பிய இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஐந்து வோல்ட் நின்றது. திரும்பத் திரும்பப் பார்த்து எழுதினேன். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் 22.6, பாசிட்டிவ் பக்கத்தில் இழப்பு 0.7, நெகட்டிவ் பக்கத்தில் 5.1, செல்ஃப் மோட்டாருக்கு மிஞ்சியது 16.8. இருபத்துநான்கு வோல்ட் மோட்டாரைப் பதினேழு வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்துச் சுற்றச் சொல்லிக்கொண்டிருந்தோம். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை வேகமாக அமுக்குவதால் எழும் சூடே டீசலைப் பற்ற வைக்கிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே ஆறிப்போகும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். மாலையில், சூடான என்ஜினில், ஏன் ஒருநாளும் தொல்லை வரவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பிறகு வழி நெடுக ஒவ்வோர் இணைப்பாக வைத்துப் பார்த்தேன். பேட்டரிக் குமிழிலிருந்து கேபிளின் மறுமுனையில் உள்ள லக் என்னும் உலோகக் காது வரை 0.1 வோல்ட். லக்கிலிருந்து அது முறுக்கப்பட்டிருந்த பிராக்கெட் வரை 0.2. பிராக்கெட்டிலிருந்து பிளாக் வரை 4.8. அந்தப் பிராக்கெட்டைப் பிளாக்கோடு பிடித்திருந்த போல்ட்டின் தலையில் விரலை வைத்தேன், உடனே எடுத்துக்கொண்டேன். குளிர்ந்த என்ஜினில் அந்த ஒரு போல்ட் மட்டும் சுட்டது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை 300 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், 4.8 வோல்ட் இழக்கும் இடத்தில் 1,440 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு சாதாரண இஸ்திரிப் பெட்டியின் சூட்டை விட அதிகம், கட்டைவிரல் அளவு இடத்தில்.

பெயின்ட்

புதிய ஆல்டர்னேட்டருக்காகப் பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கிய பிராக்கெட் அது. உப்புக் காற்றுக்குத் தாங்க வேண்டும் என்று முதலில் ரெட் ஆக்சைடு, அதன்மேல் இரண்டு கோட் எனாமல் பெயின்ட், முன்னும் பின்னும் பூசியிருந்தார்கள். அக்கறையோடு செய்த வேலை. டைனமோ இருந்த காலத்தில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள், டைனமோ பிராக்கெட்டுக்குப் பக்கத்தில், பிளாக்கில் வெறும் இரும்பாக வழித்துவிடப்பட்ட ஓர் இடத்தில் நேரடியாக முறுக்கப்பட்டிருந்தது. புதிய பிராக்கெட் அகலமானது. அந்த இடத்தை மூடிவிட்டது. ஆகவே எலக்ட்ரீஷியன் லக்கை அந்தப் பிராக்கெட்டின் மேலேயே, லக் உட்காரும் இடத்தை மட்டும் நன்றாகச் சுரண்டி, முறுக்கியிருக்கிறார். பிராக்கெட்டின் பின்பக்கத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே இருந்த பெயின்ட்டை நினைக்கவில்லை. என்ஜினைச் சுற்றுவதற்கு வேண்டிய மின்னோட்டம் பெரும்பாலும் இரண்டு போல்ட்களின் மரை வழியாகவே போய்க்கொண்டிருந்தது. புதிதில் மரை இரும்பைக் கடித்துப் பிடித்திருந்ததால் மூன்று நாள் ஓடியது. பிறகு உப்பீரம் புகுந்தது.

லாரியில் இந்தத் தவறு பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. லாரிக்குச் சேசிஸ் என்னும் இரும்புச் சட்டம் இருக்கிறது. பேட்டரியிலிருந்து சேசிஸுக்கு ஒரு வழி, சேசிஸிலிருந்து என்ஜினுக்குப் பட்டை வழியாக ஒரு வழி, கியர்பாக்ஸ் தாங்கிகள் வழியாக இன்னும் சில வழிகள். வாழ்நாள் முழுக்க அதில் வேலை செய்தவரின் கை, இரும்பைத் தொட்டால் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, கிடைக்கும் என்று பழகியிருக்கும். மரப்படகில் இரும்பு என்று தொடுவதெல்லாம் மரத்தின் நடுவே கிடக்கும் தனித்தனித் தீவுகள். எந்த எர்த்தும் தானாக வருவதில்லை. ஒவ்வொன்றையும் வயர் போட்டுக் கொண்டுவர வேண்டும். எங்கள் படகில் பழைய வயரிங்கின் மிச்சமாக, பிளாக்கிலிருந்து கேபின் பலகைக்கு வந்த ஒரு மெல்லிய கறுப்பு வயர் இருந்தது. பலகைக்கு நெகட்டிவ் பேட்டரியிலிருந்து தனியாகவும் வந்தது. தடித்த வழி அடைபட்டதால் செல்ஃப்பின் மின்னோட்டத்தில் ஒரு பங்கு இந்த நூல் போன்ற வயரில் ஏறிப் பேட்டரிக்குத் திரும்ப முயன்றிருக்கிறது. பலகையைக் கழற்றிப் பார்த்தபோது அந்த வயரின் உறை இளகி, பக்கத்து வயரோடு ஒட்டிக்கிடந்தது. இன்னும் சில வாரம் போயிருந்தால் கேபினில் தீப்பிடித்திருக்கும் என்பதை நினைக்கும்போது இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

டெஸ்ட் லாம்ப் ஏன் ஏமாற்றியது என்பதற்குக் கணக்கு எளிது. அந்த இணைப்பின் தடை ஓர் ஓமில் நூறில் இரண்டு பங்கைக்கூடத் தொடவில்லை. 21 வாட் பல்பு ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும்; அந்த இணைப்பில் அதன் இழப்பு ஒரு வோல்ட்டில் நூறில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும். பல்பு பளிச்சென்று எரியத்தான் செய்யும். கேட்டது சிறிய கேள்வி. கிடைத்ததும் சிறிய பதில். நானும் செல்ஃப் சுற்றாத நேரத்தில் மீட்டரை வைத்து அதே சிறிய கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்.

ஆல்டர்னேட்டர் அவ்வளவு நன்றாகச் சார்ஜ் செய்தது ஏன் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பான பகுதி. ஆல்டர்னேட்டரின் உடல் அதே பிராக்கெட்டில், வெறும் உலோகத்தின் மேல், உட்கார்ந்திருந்தது. நெகட்டிவ் கேபிளும் அதே பிராக்கெட்டில். அந்த இரண்டுக்கும் நடுவே பெயின்ட் கிடையாது. பெயின்ட்டுக்கு அந்தப் புறம் நின்றது பிளாக்கும் அதனோடு பிணைந்த செல்ஃப் மோட்டாரும் மட்டும். அதாவது, புதிதாக வந்த பொருளுக்கு மிகச் சிறந்த எர்த் கிடைத்தது. பழைய பொருளின் எர்த் அதற்காக இடம் பெயர்க்கப்பட்டுவிட்டது. ஆல்டர்னேட்டரைச் சோதித்தால் எல்லாம் சரி. செல்ஃப்பைக் கழற்றிக் கடையில் சோதித்தால் எல்லாம் சரி. இரண்டுக்கும் நடுவே இருந்த ஒரு தாள் கனமுள்ள பெயின்ட்டைச் சோதிக்க, இரண்டையும் அதனதன் இடத்திலேயே விட்டு வைத்துச் சுற்ற வேண்டியிருந்தது.

பக்கத்துப் படகிலிருந்து ஒரு தடித்த கேபிளை இரவல் வாங்கி, பேட்டரி நெகட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு நேராகக் கொடுத்தேன். அப்பா சாவியைத் திருப்பினார். ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்திருந்தும், அதுவரை முக்கி முனகிக்கொண்டிருந்த என்ஜின் சரசரவென்று சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுத்த படகில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று பார்த்தார். மீட்டரில் நெகட்டிவ் இழப்பு 0.4. ஆனால் பேட்டரி முனைகளில் முன்பு 22.6 காட்டியது இப்போது 22.1 ஆகக் குறைந்திருந்தது. அதைக் கண்டு அப்பா பதறிவிட்டார். செல்ஃப் மோட்டாருக்கு இப்போதுதான் வயிறார மின்சாரம் கிடைக்கிறது, அதிகம் இழுப்பதால் பேட்டரி சற்று இறங்குகிறது, ஆனால் மோட்டாரின் வாயில் 16.8-க்குப் பதில் 20.9 நிற்கிறது என்று எழுதிக் காட்டிய பிறகே சமாதானமானார்.

தவறான மருந்து

இப்போது தேநீர்க் கடைக்கு வருகிறேன். அந்தத் திங்கட்கிழமை நாங்கள் திட்டமிட்டபடியே டைனமோவைத் திரும்ப மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதிய பிராக்கெட் கழன்றிருக்கும். வழித்துவிடப்பட்ட பழைய இடம் திறந்திருக்கும். நெகட்டிவ் கேபிள் தன் பழைய இடத்துக்குப் போயிருக்கும், ஏனென்றால் போவதற்கு வேறு இடம் இருந்திருக்காது. என்ஜின் ஒரே அழுத்தில் எழுந்திருக்கும். மறுநாளும் எழுந்திருக்கும், அதற்கு மறுநாளும். ஆல்டர்னேட்டர் போட்டால் எங்கள் படகுக்கு ஆகாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அப்பா சாகும் வரை அதைச் சொல்லியிருப்பார். நானும் நம்பியிருப்பேன். துறைமுகம் முழுக்க அது பரவியிருக்கும். ஒருவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என்னை உறுத்துவது இதுதான். தவறான மருந்து வேலை செய்யாமல் போனால் நாம் மேலும் தேடுவோம். தவறான மருந்து வேலை செய்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு பொருளைக் கழற்றி மாட்டுவது என்பது ஒரு பொருளை மட்டும் மாற்றுவது ஆகாது. அதைச் சுற்றியுள்ள பத்து இணைப்புகளைக் கழற்றுகிறோம், துடைக்கிறோம், இடம் மாற்றுகிறோம், இறுக்குகிறோம். பழையதை மாட்டும்போது அந்தப் பத்தும் சேர்ந்தே பழைய நிலைக்குத் திரும்புகின்றன. தேநீர்க் கடையில் என்னிடம் கேட்டவர் தம் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். அவர் கண்ட விளைவு உண்மை. அதிலிருந்து அவர் பிடித்த குற்றவாளியைத்தான் நான் ஏற்க முடியவில்லை.

ஆல்டர்னேட்டர் ஒருபோதும் குற்றவாளி ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதற்கு எந்த வேலையும் கிடையாது. ஆனால் அதற்கு முந்திய பன்னிரண்டு மணி நேரத்தில் அது செய்ததும் செய்யத் தவறியதும் உண்டு. ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் வயரைச் சாவிக்குப் பின்னால் இணைக்காமல் நேரே பேட்டரியில் இணைத்துவிட்டால், என்ஜின் நின்ற பிறகும் உள்ளே காந்தமாக்கும் ஃபீல்டு சுருளுக்கு இரவு முழுக்க மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும். இரண்டு மூன்று ஆம்பியர் வீதம் விடிவதற்குள் முப்பது ஆம்பியர்-மணி வரை இறங்கிவிடும். மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று உள்ளே கசிந்தாலும் அதே கதி. டைனமோவின் இருபது சொச்ச ஆம்பியருக்காகப் போட்ட பழைய வயரையும் அம்மீட்டரையும் அப்படியே விட்டு, அதன் வழியே ஐம்பது ஆம்பியரை அனுப்பினால், வயர் சூடாவதோடு பேட்டரிக்குப் போய்ச் சேரும் வோல்ட்டும் குறைந்து, நாளாக ஆக அது முழுமையாக நிறையாமலே போகும். டைனமோக் காலத்துப் பழக்கத்தில், என்ஜின் ஓடும்போதே பேட்டரி சுவிட்சைத் திருப்பி அணைப்பவர்கள் உண்டு. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் அந்த நொடியில் எகிறும் வோல்ட் டையோடுகளைக் கொன்றுவிடும். பெட்ரோல் என்ஜின்களிலும், மின்சாரம் நின்றால் மட்டுமே நிற்கும்படி அமைந்த டீசல் என்ஜின்களிலும் வேறொரு வேடிக்கை நடக்கும்: எச்சரிக்கை விளக்கின் வயரைப் பல்போ டையோடோ இல்லாமல் நேராகச் சாவி வயரோடு சேர்த்துவிட்டால், ஆல்டர்னேட்டர் அந்த வழியே திரும்ப ஊட்டி, சாவியை அணைத்த பிறகும் என்ஜினை ஓட வைக்கும்.

ஆனால் இவற்றையும் எங்கள் கோளாறையும் பிரிப்பதற்கு ஒரே ஓர் அளவு போதும். காலையில், சாவியைத் தொடுவதற்கு முன்னால், பேட்டரியில் எத்தனை வோல்ட்? 24.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை அல்லது இரவில் இறங்கியிருக்கிறது. அல்லது பேட்டரியே தளர்ந்திருக்கிறது. ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க அங்கே நியாயம் உண்டு. 25.3 இருந்தும் செல்ஃப் திணறினால், நிறைந்த பேட்டரிக்கும் செல்ஃப்புக்கும் நடுவே எங்கோ வழி அடைபட்டிருக்கிறது அல்லது செல்ஃப்பே கெட்டிருக்கிறது. சுற்றும்போது இரண்டு பக்கமும் எவ்வளவு இழப்பு என்று பார்த்துவிட்டால் அதுவும் பிரிந்துவிடும். 24 வோல்ட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வோல்ட்டைத் தாண்டினால் நான் பேசாமல் கம்பித் தூரிகையை எடுத்துவிடுவேன். தொல்லை இருந்த அத்தனை நாளும் எங்கள் பேட்டரி ஒவ்வொரு காலையும் நிறைந்தே இருந்திருக்க வேண்டும். சார்ஜ் கடைக்காரர் இருமுறை அதைத்தான் சொன்னார்.

அன்று மாலையே வேலையை முடித்தோம். நெகட்டிவ் கேபிளுக்குப் புது லக் போட்டு, செல்ஃப் மோட்டார் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பிளாக்கை வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, அதன் பிறகு மேலே வாசலின் தடவினேன். முறுக்கிய பிறகு தடவுவது நல்லது. ஆல்டர்னேட்டரின் உடலிலிருந்தும் அதே போல்ட்டுக்கு ஒரு தனி வயர் கொடுத்தேன். கேபினில் உருகிய வயரை நீக்கினேன். சாக்கில் கிடந்த டைனமோ திரும்பப் பரணுக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை அந்த எலக்ட்ரீஷியன் தாமாகவே வந்தார். நான் தாளைக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, மீட்டரைக் கேட்டார். கழற்றி வைத்திருந்த பிராக்கெட் போல்ட்டை எடுத்து அதன் மரையில் நீலம் பாய்ந்திருந்த இடத்தை நெடுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "படகுக்குச் சேசிஸ் கெடையாதுல்லா" என்றார். அதன்பிறகு அவர் மாற்றிக் கொடுத்த படகுகளில் நெகட்டிவ் கேபிள் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில்தான் இருக்கும். அப்படி நான்கைந்து படகுகளை நானே பார்த்திருக்கிறேன்.

தேநீர்க் கடையில் இருந்தவர்களின் தலையாட்டலுக்குப் பிறகு இரண்டு நாள் கழித்து அந்தப் படகு உரிமையாளரின் வீட்டுக்குப் போனேன். புதிய ஆல்டர்னேட்டர் பாலித்தீன் உறையில் சுற்றப்பட்டுப் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது; விற்றுவிட ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் உண்மையிலேயே கோளாறு இருக்கலாம். எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதைத் திரும்ப மாட்டி, கோளாறு திரும்ப வந்தால், அது இருக்கும்போதே அளந்து பார்ப்போம் என்று கேட்டேன். சரியாக ஓடிக்கொண்டிருக்கும் படகில் போய் மறுபடியும் கோளாறை வரவழைப்பதா என்று அவர் மனைவி கேட்டார்கள், நியாயமான கேள்வி. கடைசியில் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பூசை முடிந்து பத்து மணிக்கு மீட்டரோடும் கம்பித் தூரிகையோடும் போகிறேன். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குள் படகு கிளம்பும் நிலையில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.